31ஆம் நாளுக்குள் கல்வெட்டு: கணவரின் நினைவு மலரைத் தயாரிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் காலமானால், அந்தியேட்டிக் கிரியை முடிந்து, 31ஆம் நாள் வீட்டுச் சடங்கான வீட்டுக்கிருத்தியத்துக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். அட்டையில் ‘நினைவு மலர்’ என்று இருக்கும். பேச்சில் கல்வெட்டுத்தான்.

இவற்றைத் தட்டச்சுச் செய்து, பக்கம் கட்டி, அச்சகத்துக்கு அனுப்பும் வேலையில் இருக்கிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். அட்டைப்படமும் தேவாரமும் முதல் நாளே தயாராகிவிடும். வாழ்க்கை வரலாறு என்ற பெயரில் காலமானவர் வகித்த பதவிகள் வரிசையாக வந்து சேரும். நாற்பது வருடம் கூட இருந்த மனைவிக்கோ குடும்ப விபரத்தில் ‘அன்பு மனைவி’ என்று ஒரு வரி கிடைக்கும். வேலையின் வரிசையை மாற்றினால் இதைத் தவிர்க்கலாம். அதற்காகத்தான் இந்த வழிகாட்டி. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், ‘நீ பார்த்துச் செய்’ என்று பொறுப்பு தலையில் விழுந்த மருமக்களுக்கும் பயன்படும்.

1. முதலில் நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

31 நாள் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். எட்டாம் நாளை ஒட்டிச் செய்யும் எட்டுச் செலவுச் சடங்கு முடியும்வரை வீட்டில் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. அச்சகத்துக்கு ஒரு வாரம் போகும். பிழை திருத்தத்துக்கு மூன்று நாளாவது வேண்டும். ஆக, எழுதவும் சேர்க்கவும் கையில் இருப்பது ஏறக்குறைய 12 நாள்தான்.

அதனால் அச்சகத்திடம் முதலிலேயே பேசி, இறுதிக் கோப்பு எந்தத் தேதிக்குள் போக வேண்டும் என்று கேட்டு வையுங்கள். ஆவணி, தை மாதங்களில் கலியாண அழைப்பிதழ்களும் அச்சகத்தில் குவிந்திருக்கும்.

பொறுப்பு ஒருவரிடம் இருக்கட்டும். மூன்று பிள்ளைகள் மூன்று நாட்டில் இருந்துகொண்டு ஆளுக்கொரு திருத்தம் அனுப்பினால், எது கடைசிப் பிரதி என்று யாருக்கும் தெரியாமல் போகும். அந்த ஒருவராக மனைவி இருக்கக் கூடாது. அவருக்கு வேறு வேலை இருக்கிறது. அது 4ஆம் படியில் வருகிறது.

2. முதல் வாரம் எழுத வேண்டாம், சேருங்கள்

செத்தவீட்டுக்கும் அடுத்து வரும் நாட்களுக்கும் வந்து குந்தியிருக்கிறவர்கள் சும்மா இருப்பதில்லை. “அவன் ஒருக்கால் என்ன செய்தவன் தெரியுமோ” என்று தொடங்குவார்கள். எட்டுச் செலவு முடிந்ததும் அந்தக் கதைகள் அவர்களோடு போய்விடும். பிறகு தொலைபேசியில் கேட்டால் “நல்ல மனிசன்” என்பதற்கு மேல் வராது.

முற்றத்தில் கதிரை போட்டிருக்கும் பக்கம் ஒரு பெறாமகனையோ மருமகளையோ கொப்பியோடு இருத்துங்கள். மூன்று விஷயம் குறித்தால் போதும்: சொன்னவர் பெயர், அவருடைய தொலைபேசி எண், கதையை நினைவூட்டும் ஒரு வரி. ‘கந்தோர் நண்பர் – மழைக்குள் சைக்கிளில் சம்பளம் கொண்டு வந்தது’ என்றால் போதும். முழுக் கதையையும் அந்த இடத்தில் எழுதப் போனால் சொல்கிறவர் வாயை மூடிக்கொள்வார்.

இதே வாரத்தில் எடுத்து வைக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, இறப்புச் சான்றிதழ், நியமனக் கடிதம், ஓய்வூதியக் கடிதம். அலுமாரிக்குள் அவருடைய தாய் தகப்பனின் கல்வெட்டு இருந்தால் அதைத்தான் முதலில் தேடுங்கள். உறவு முறை, ஊர், பேரன் பெயர் எல்லாம் அதில் ஒரே இடத்தில் இருக்கும். வீட்டில் இல்லையென்றால் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் தேடிப் பாருங்கள். பழைய நினைவு மலர்கள் நிறையவே அங்கே வருடி (ஸ்கேன் செய்து) வைக்கப்பட்டிருக்கின்றன.

3. திதியை உறுதிப்படுத்தாமல் ஒரு எழுத்தும் அச்சுக்குப் போகக் கூடாது

மற்ற எந்தப் பிழையையும் மன்னித்து மறந்துவிடலாம். திதி பிழைத்தால் வருடா வருடம் திவசமே பிழைக்கும். பேரப்பிள்ளைகள் 30 வருடம் கழித்துப் பார்க்கப்போவதும் திதி வெண்பா உள்ள அந்தப் பக்கத்தைத்தான்.

குருக்களிடம் போகும்போது தேதியை மட்டும் கொண்டு போகாதீர்கள். உயிர் பிரிந்த நேரமும் இடமும் வேண்டும். ஆஸ்பத்திரிப் பத்திரத்தில் இருப்பது வைத்தியர் உறுதிப்படுத்திய நேரம். பக்கத்தில் இருந்தவர் அதற்குச் சற்று முந்திய நேரத்தைச் சொல்லலாம். திதி மாறும் நேரத்தை ஒட்டி மரணம் நடந்திருந்தால் இந்த வித்தியாசம் பெரிது. அப்போது இரண்டு நேரத்தையும் சொல்லி, குருக்களையே முடிவெடுக்க விடுங்கள்.

தவறு நடக்கும் இடங்கள் இவை:

பஞ்சாங்கக் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. திங்கட்கிழமை விடியப்புறம் 3 மணிக்குக் காலமானவருக்கு நாட்காட்டியில் திங்கள், பஞ்சாங்கத்தில் இன்னும் ஞாயிறு.

தமிழ் வருடப் பெயர் சித்திரையில்தான் மாறும். 2026 மார்ச்சில் காலமானவருக்கு விசுவாவசு வருடம். ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகு என்றால் பராபவ. தை முதல் பங்குனி வரையான மரணங்களில் இது அடிக்கடி பிழைக்கும்.

வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்க முறைகளும் திதி முடியும் நேரத்தில் சில மணித்தியாலம் வேறுபடலாம். உங்கள் குடும்பம் எதைப் பின்பற்றுகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

வெளிநாட்டில் காலமானவர் என்றால் நேரத்தை மாற்றிக் கணிக்க வேண்டும். கனடாவின் ரொறன்ரோ நேரம் கோடையில் இலங்கைக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. அங்கே இரவு 8 மணி என்றால் கோடையில் இங்கே மறுநாள் காலை ஐந்தரை. அங்கத்தைய நேரத்தை அப்படியே இங்கத்தைய பஞ்சாங்கத்தில் பார்த்தால் திதி ஒன்று தள்ளிப்போகலாம்.

வெண்பாவை எழுதத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வருடம், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), திதி, பெயர், ஊர் எல்லாம் நான்கு அடிக்குள் தளை தட்டாமல் அடங்க வேண்டும். நான்காம் அடி மூன்று சீரில் முடிய வேண்டும். பாட்டு வந்ததும் கீழே உரைநடையிலும் ஒரு வரி சேருங்கள்: ‘இன்ன வருடம், இன்ன மாதம், அபரபக்கத் திரயோதசி’ என்று. வெண்பாவைப் பிரித்துப் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைக்கும் திதி தெரிய வேண்டும் அல்லவா.

4. மனைவியின் பக்கம்: எழுதக் கேட்காதீர்கள், பேச விடுங்கள்

அதிகம் கோட்டை விடப்படுவது இங்கேதான். ‘என்னைத் தனியே தவிக்க விட்டு எங்கே சென்றீர்’ என்று தொடங்கும் புலம்பல்கள் அச்சகத்திலேயே தயாராக இருக்கும். பெயரை மட்டும் மாற்றிப் போடுவார்கள். அதைப் படித்து அழுகிறவர்களும் உண்டு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதில் அந்த மனிதர் இல்லை.

எட்டுச் செலவு முடிந்த பிறகு, மதியச் சாப்பாடு ஆகி வீடு அடங்கியிருக்கும் நேரம் பாருங்கள். மனைவியோடு ஒருவர் மட்டும் இருக்க வேண்டும், பெரும்பாலும் மகளோ சகோதரியோ. தொலைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, அவருக்கு அதைச் சொல்லிவிட்டு, பேச விடுங்கள்.

“அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ” என்று கேட்டால் அழுகைதான் வரும், அல்லது “தங்கமான மனிசன்” வரும். பொருட்களைப் பற்றியும் நேரங்களைப் பற்றியும் கேளுங்கள்:

– விடிய எழும்பினதும் முதலில் என்ன செய்வார்?
– தேத்தண்ணி யார் போடுவது?
– சந்தைக்குப் போனால் சொல்லாமலே எதை வாங்கி வருவார்?
– நீங்கள் இரண்டு பேரும் எதற்குச் சண்டை பிடிப்பீர்கள்? யார் முதலில் பேசுவது?
– உங்களை என்னவென்று கூப்பிடுவார்?
– இடம்பெயர்ந்து போனபோது எதைத் தூக்கிக்கொண்டு போனார்?

சண்டையைப் பற்றிய கேள்வியை விடாதீர்கள். அந்தக் கேள்வியில்தான் பல பேருக்குச் சிரிப்பு வரும், சிரித்த பிறகுதான் பேச்சு வரும். கலியாணம் பேசி வந்தவர் எப்போது கூட்டாளியானார் என்பதும் அந்த இடத்தில்தான் தெரியவரும்.

பதிவைக் கேட்டுச் சொன்னபடியே எழுதுங்கள். பிறகு திரும்பச் சொன்னதை வெட்டி, விட்டுப்போன பெயரைச் சேர்த்தால் போதும். நடையை ‘உயர்த்த’ வேண்டாம். ஒரு மாதிரி காட்டுகிறேன். வழக்கமாக வருவது இப்படி:

“அன்பும் பண்பும் அடக்கமும் ஒருங்கே அமையப்பெற்ற இவர், இல்லறத்தை நல்லறமாக நடத்தி, மனைவி மக்களைக் கண்ணின் மணி போல் காத்து வந்தார்.”

கேட்டு எழுதினால் இப்படி இருக்கும்:

“இவர் சாப்பிட்டு முடிந்தால் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பார். ஒருமுறை நான் காய்ச்சலாய்க் கிடக்க, பிட்டு அவிக்கிறேன் என்று போய் மாவைக் களியாக்கிப்போட்டார். எனக்குப் பாண் வாங்கித் தந்துவிட்டு, களியைத் தான் இருந்து சாப்பிட்டார். ‘நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் குடுத்துவைக்கேல்லை’ என்றார்.”

முதலாவது யாருக்கும் பொருந்தும். இரண்டாவதைப் படித்தவர் அந்த வீட்டுக் குசினியை ஒருமுறை பார்த்துவிடுவார்.

மனைவி ‘இவர்’ என்று சொன்னால் ‘இவர்’ என்றே இருக்கட்டும். ‘என் கணவர்’ என்று மாற்றினால் அது வேறு யாரோ எழுதியது போல் ஆகிவிடும். எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். “இது வேண்டாம்” என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். கடைசிச் சொல் அவருடையது, பிள்ளைகளுடையது அல்ல. பிள்ளைகள் இங்கே தலையிடத்தான் பார்ப்பார்கள். “அம்மா, இதையெல்லாம் ஊருக்குச் சொல்லவேணுமோ” என்று.

ஒன்றரைப் பக்கம் போதும். அதற்குக் கீழே அவர் பெயர் மட்டும்.

5. நண்பர்களிடம் ‘அஞ்சலிச் செய்தி’ கேட்காதீர்கள்

கேட்டால் கடிதத் தலைப்போடு வரும். ‘அன்னாரின் இழப்பு ஈடுசெய்ய முடியாதது’ என்று எட்டுப் பேர் எட்டு முறை எழுதியிருப்பார்கள்.

கொப்பியில் குறித்த பெயர்களில் மூன்று பேரைத் தெரிவு செய்யுங்கள். பள்ளிக்கூட நண்பர் ஒருவர், வேலை செய்த இடத்தில் ஒருவர், கடைசிக் காலத்தில் பின்னேரங்களில் கோயில் வீதியிலோ வாசிகசாலையிலோ கூட இருந்த ஒருவர். மூன்றாமவரைத்தான் எல்லோரும் மறப்பார்கள். வீட்டுக்கு அவர் அதிகம் வந்திருக்க மாட்டார், மனைவிக்கே பெயர் தெரியாமல் இருக்கலாம். கணவரின் தொலைபேசியில் கடைசி மாதத்து அழைப்புகளைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

ஒவ்வொருவரிடமும் அவர் சொன்ன அந்த ஒரு கதையையே கேளுங்கள்: “அந்தச் சம்பளக் கதையை எழுதித் தாருங்கோ, 150 சொல்லுக்குள்.” எழுத முடியாதவர் வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பட்டும், நீங்கள் எழுதுங்கள். முடிவுத் தேதியை உண்மையான தேதிக்கு மூன்று நாள் முந்திச் சொல்லுங்கள்.

சரி, அதிபர், பணிப்பாளர், சங்கத் தலைவர் செய்திகளை என்ன செய்வது? கேட்டு வாங்கிவிட்டால் போடத்தான் வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அளவில், மனைவியின் பக்கத்துக்கும் நண்பர்களுக்கும் பின்னால் வையுங்கள். புத்தகத்தைத் திறக்கிறவர் முதல் பத்துப் பக்கத்துக்குள் அந்த மனிதரைச் சந்தித்துவிட வேண்டும்.

6. வாழ்க்கைக் குறிப்பு

இப்போதுதான் இதை எழுத வேண்டும். மனைவியும் நண்பர்களும் சொன்னது கையில் இருப்பதால், இந்தப் பகுதி சுருக்கமாக இருந்தாலே போதும்.

ஒரு தாளில் இடப்பக்கம் வருடம், வலப்பக்கம் நடந்தது என்று எழுதுங்கள். பிறப்பு, பள்ளி, வேலை, இடமாற்றங்கள், கலியாணம், பிள்ளைகள், இடப்பெயர்வு, ஓய்வு. சான்றிதழ் ஒன்று சொல்ல, வீட்டில் வேறொன்று சொன்னால் (பிறந்த தேதியில் இது சகஜம்) இரண்டையும் எழுதி மூத்த சகோதரத்திடம் கேளுங்கள்.

இடப்பெயர்வை ஒரே வரியில் தாண்டாதீர்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்ட குடும்பம் என்றால், எங்கே தங்கினார்கள், எப்போது திரும்பினார்கள், வீடு எந்த நிலையில் இருந்தது என்பதற்கு ஒரு பந்தி கொடுக்கலாம். வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைக்கு இதை வேறு யாரும் எழுதித் தரப் போவதில்லை.

நோயின் விபரம், கடன், காணிப் பிரச்சினை எதுவும் வேண்டாம். அடையாள அட்டை இலக்கத்தையும் போட வேண்டாம். இந்தப் புத்தகம் எங்கெல்லாம் போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

7. குடும்ப விபரம்: இரண்டு பக்கத்துப் பெரியவர்களிடமும் காட்டுங்கள்

விடுபட்ட ஒரு மைத்துனர் பெயரால் பத்து வருடம் பேசாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அவருடைய பக்கத்தில் ஒருவர், மனைவி பக்கத்தில் ஒருவர் வாசித்துச் சரி என்று சொன்ன பிறகே இந்தப் பக்கத்தை மூடுங்கள்.

‘காலஞ்சென்ற’ என்ற அடைமொழியை ஒவ்வொரு பெயராகச் சரிபாருங்கள். இருக்கிறவருக்குப் போட்டுவிடுவது நடக்கிற பிழைதான். அதைவிடக் கவனம் வேண்டியது, போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயர். அந்தப் பெயருக்கு முன்னால் என்ன எழுதுவது என்பதை அவருடைய தாயோ மனைவியோ சொல்லட்டும். ஒன்றும் எழுத வேண்டாம் என்றால், வெறும் பெயர். தட்டச்சுச் செய்கிறவருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வரிசையைப் பார்த்துத் தானாக ‘காலஞ்சென்ற’ சேர்த்துவிடுவார்.

8. பாடல்கள்

பஞ்சபுராண ஒழுங்கில் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம். 95 அடி கொண்ட சிவபுராணத்தை முழுதாகப் போடுவதென்றால் மூன்று நான்கு பக்கம் ஒதுக்குங்கள். அவர் தினமும் எதைப் பாடினாரோ, ஊர்க் கோயில் பதிகம் எதுவோ, அது முன்னால் வரட்டும்.

முந்திய கல்வெட்டிலிருந்து பாட்டை அப்படியே பிரதி எடுக்காதீர்கள். அதிலிருந்த எழுத்துப் பிழை அடுத்த புத்தகத்துக்கும் போகும். நல்ல திருமுறைப் பதிப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் 31ஆம் நாள் திருப்பலிக்கு ஏற்ற வாசகங்களையும் பாடல்களையும் பங்குத்தந்தையிடம் கேட்கலாம். மற்றப் படிகள் எல்லாம் ஒன்றுதான்.

9. படங்கள்

வீட்டு அல்பம் இடம்பெயர்வில் போயிருந்தால் கைவிட வேண்டாம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளிநாடு போனவர்களுக்குக் கலியாணப் படம், பிள்ளையின் முப்பத்தொன்றுப் படம் என்று தபாலில் பிரதிகள் போயிருக்கும். அவர்களிடம் கேளுங்கள்.

கேட்கும்போதே சொல்லுங்கள்: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பட்டும். படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், தொலைபேசியில் நன்றாகத் தெரிந்தது தாளில் மங்கும். பழைய படத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு கைபேசியில் எடுக்காமல், வெளியே எடுத்து 600 டிபிஐயில் வருடுங்கள்.

அட்டைப்படத்துக்கு ஸ்டூடியோவில் கோட்டும் ரையும் ஒட்டித் தருவார்கள். வாழ்நாள் முழுக்க வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாகத் திரிந்த மனிதருக்கு அது எதற்கு என்று எனக்குப் புரிவதில்லை. மனைவியிடம் நான்கு படம் கொடுத்து, “இதில் எது அவர் மாதிரி இருக்கிறது?” என்று கேளுங்கள். அவர் காட்டுவது அட்டைக்கு.

உள்ளே ஆறேழு படம் போதும். ஒவ்வொன்றின் கீழும் யார், எங்கே, எந்த வருடம் என்று எழுதுங்கள்.

10. தட்டச்சும் அச்சகமும்

ஏ5 அளவில் நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் பிரிய வேண்டும்: 24, 28, 32. ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம் வருவதால் இந்தக் கணக்கு. 29 பக்கத்துக்கு விஷயம் இருந்தால் ஒரு பக்கத்தைக் குறையுங்கள் அல்லது மூன்று பக்கத்துக்குப் படம் சேருங்கள்.

நீங்கள் கைபேசியில் தட்டுவது யூனிகோட். பல அச்சகங்களில் இன்னும் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருதான். மாற்றும்போது சில எழுத்துகள் இடம் மாறலாம், கிரந்த எழுத்துகள் காணாமல் போகலாம். ஆகவே உங்கள் கோப்பில் சரியாக இருந்தது என்பது போதாது. அச்சகம் பக்கம் கட்டித் தரும் பிடிஎஃப்பைத்தான் திருத்த வேண்டும்.

அதை இருவர் பாருங்கள். குடும்பத்தைத் தெரிந்த ஒருவர் பெயர்களையும் தேதிகளையும் பார்க்கட்டும், தெரியாத ஒருவர் எழுத்துப் பிழையைப் பார்க்கட்டும். தெரிந்தவர் கண் பழகிய பெயரைப் பிழையோடும் சரியாகவே வாசித்துவிடும். திதிப் பக்கத்தை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் குருக்கள் எழுதித் தந்த தாளோடு ஒப்பிடட்டும்.

பிரதிகளைத் தலைக் கணக்கில் அடிக்காமல் வீட்டுக் கணக்கில் அடியுங்கள். ஒரு வீட்டுக்கு ஒன்று. வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு பங்கு சேருங்கள்.

11. கையளிப்பதும் அதற்குப் பிறகும்

புத்தகக் கட்டு வந்ததும் முதல் பிரதியை 31ஆம் நாளுக்கு முதல் நாளே மனைவியிடம் கொடுங்கள். சபை நிறைந்திருக்கும்போது தன் பக்கத்தை முதன்முதலாகப் பார்ப்பது அவருக்குச் சிரமம். பிழை கண்ணில் பட்டால் ஒரு சிறு திருத்தத் தாள் அடித்துச் செருகவும் அந்த இரவு போதும்.

இறுதிப் பிடிஎஃப்பையும் மனைவி பேசிய ஒலிப்பதிவையும் குறைந்தது இரண்டு இடத்தில் சேமியுங்கள். நூலகம் போன்ற எண்ணிமச் சேகரிப்புக்குப் பிரதி கொடுப்பதென்றால் மனைவியைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

புத்தகத்தைப் படித்த பிறகு சிலர் “எனக்கும் ஒரு கதை இருந்தது, ஒருத்தரும் கேட்கேல்லை” என்று தொலைபேசி எடுப்பார்கள். அந்தக் கொப்பியை எறிந்துவிடாதீர்கள். முதலாண்டு நினைவான ஆட்டத்திவசத்துக்கு நான்கு பக்கத்தில் ஒரு மடிதாள் அடித்தால், அவர்களுடைய கதையெல்லாம் அதில் அடங்கும்.